மேட்டில் காணாமல் போகும் குளிர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேன் ஏசிக்கு இரண்டு தடவை கேஸ் போட்டும் குளிரவில்லை என்று எழுதியிருந்தாய். இந்தக் கோடையில் எங்கள் மோட்டார்ஹோமிலும் (வீடு மாதிரி தங்கிப் பயணிக்கும் வண்டி) கிட்டத்தட்ட அதே கதை. அதைச் சரிசெய்துவிட்டு விவரமாக எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன்.

ஜூனில் இங்கே அமெரிக்காவில், அரிசோனாவின் பீனிக்ஸிலிருந்து மலை மேலிருக்கும் பிளாக்ஸ்டாஃப் ஊருக்குக் கிளம்பினோம். சுமார் 230 கிலோமீட்டர்தான், ஆனால் 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,100 மீட்டருக்கு ஏற வேண்டும். வெளியே 43 டிகிரி. சமதளத்தில் டேஷ்போர்டு ஏசி முகத்தில் ஜில்லென்று அடித்தது. பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன், முகத்துக்கு வந்த காற்று நின்றே போனது. மேடு முடிந்ததும் தானாகத் திரும்பி வந்தது. உன் தங்கச்சிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, உனக்குத் தெரியுமே. தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னதும் பயந்துவிட்டேன். ஜெனரேட்டரைப் போட்டு, கூரை ஏசியை ஓடவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஒரு பட்டறையில் கேஸ் குறைவு என்று சொல்லி ஏற்றினார்கள். அடுத்த மேட்டிலும் அதே கூத்து. மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை சமதளத்திலும் குளிர் குறைந்துவிட்டது. கேஸ் அளவுக்கு மேல் போனாலும் குளிராது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உண்மையான கோளாறைக் கண்டுபிடித்தது உன் தங்கச்சி. அதே மேட்டில் முன்கண்ணாடிப் பக்கம் கையை நீட்டிப் பார்த்தவள், "குளிர் எல்லாம் இங்கேதான் வருது" என்றாள்.

எங்கள் வண்டியில் காற்றை முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திருப்பிவிடும் கதவுகளை இழுப்பது வேக்குவம். பெட்ரோல் என்ஜின் மூச்சை உள்ளே இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான் அது. ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் அந்த இழுப்பு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அதற்காகவே ஒரு சின்ன சேமிப்பு டப்பாவும், பிடித்த வேக்குவம் திரும்பிப் போகாதபடி ஒருவழி வால்வும் வைத்திருக்கிறார்கள். வேக்குவம் போய்விட்டால் காற்று கண்ணாடிக்குத்தான் போகும். பனி மூடி டிரைவருக்கு வழி தெரியாமல் போகக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். உள்காற்றைச் சுழற்றும் கதவும் அதோடு விட்டுவிடும், வெளிவெப்பம் உள்ளே வரும்.

ஞாயிற்றுக்கிழமை முன்மூடியைத் திறந்து உட்கார்ந்தேன். ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும், இரண்டு பக்கமும் போனது. டப்பாவுக்குப் போகும் குழாயில் வேக்குவம் கைப்பம்பை மாட்டி மீட்டரில் 20 அங்குலம் காட்டும்வரை இழுத்தேன், முள் மெதுவாக இறங்கியது, அப்படியென்றால் எங்கோ கசிவு. குழாயை விரலால் தடவிக்கொண்டே போனால், என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் அது காய்ந்து மயிரிழை அளவு வெடித்திருந்தது. இரண்டையும் மாற்ற ஆன செலவு, முதல் தடவை கேஸுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதிகப்படி கேஸை நானே திறந்துவிடவில்லை. ஆர்-134ஏ என்ற அந்த ஏசி கேஸைக் காற்றில் விடுவது இங்கே சட்டப்படி குற்றம், செய்யவும் மனசு வராது. அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. உரிமம் உள்ள வேறொரு மெக்கானிக் மெஷின் வைத்து முழுக்க எடுத்துவிட்டு, வண்டி லேபிளில் உள்ள எடைக்கு நிறுத்துப் போட்டார். போன வாரம் அதே மேட்டில் காற்று முகத்தைவிட்டு நகரவில்லை.

உன் வேன் டீசல், பெட்ரோல் என்ஜின் மாதிரி அதில் வேக்குவம் உண்டாகாது, அதனால் இதே கோளாறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது தடவை கேஸ் போட மட்டும் ஒத்துக்கொள்ளாதே. ஏசி கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டர் மாட்டச் சொல்லு, அதில் நீலம் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு அதிக அழுத்தப் பக்கம். இரண்டு பக்கமும் குறைவாகக் காட்டினால் எங்கோ லீக், சாயம் போட்டுத் தேடட்டும். இரண்டும் ஏறியிருந்தால், கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் ஃபேன் ஓடுகிறதா, அதன் இடுக்கில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார். ஒருவேளை இப்போதே கேஸ் அதிகமாக இருக்கலாம். நீலப் பக்கம் ஏறி, சிவப்புப் பக்கம் இறங்கியிருந்தால் கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் தேய்ந்திருக்கும், அது பெரிய செலவு.

ஐயப்ப சீசன் சவாரி தொடங்குவதற்கு முன்னால் பார்த்துவிடு. இரண்டு மீட்டரிலும் என்ன காட்டியது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்