பெட்டியில் இடது, உறையில் வலது: கண்குழித் தகடு குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: தகடு மாறி வந்ததும், இன்னும் திருத்தப்படாத இம்பிளான்ட் அட்டையும் (உடலுக்குள் வைத்த தகட்டின் விவர அட்டை)

ஐயா / அம்மா,

வணக்கம். நீங்கள் தயாரித்த டைட்டானியம் வலைத் தகடு ஒன்று இரண்டு மாதமாக என் இடது கண்குழியில் இருக்கிறது. தகட்டின் மேல் எனக்குக் குறை இல்லை. அது வந்து சேர்ந்த லட்சணத்தையும், கேட்டதற்கு நீங்கள் எழுதிய பதிலையும் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மகன் அடித்த பந்து நேராக என் கண்ணில் வந்து பட்டது. கண் தப்பியது, அதைத் தாங்கும் எலும்புத் தளம் உடைந்தது. அந்த எலும்பு சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காதாம். கண்ணுக்கு அடியில் இருக்க வேண்டிய கொழுப்பு கீழே சைனஸ் என்ற கன்ன எலும்புக் காற்றறைக்குள் சொட்டு மாதிரி தொங்குவதை டாக்டர் சி.டி. ஸ்கேனில் காட்டினார். மேலே பார்த்தால் ஒரு டியூப் லைட் இரண்டாகத் தெரிந்தது. கன்னமும் மேலுதடும் மரத்துப் போயின. மூக்கைச் சிந்தவே கூடாது, சிந்தினால் சைனஸ் காற்று கண்குழிக்குள் ஏறும் என்றார்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். (அதைப் பழகவே எனக்கு இரண்டு நாள் ஆனது.)

வீக்கம் வடியட்டும் என்று, உடைந்த தளத்தின் மேல் தகடு வைக்க, அடிபட்ட 9-ஆம் நாள் ஆபரேஷன் குறித்தார்கள். ரொம்பத் தள்ளவும் கூடாது, இரண்டு வாரத்துக்குள் முடித்தால் நல்லது, அப்புறம் உள்ளே தழும்பு பிடித்துவிட்டால் பிரித்தெடுப்பது சிரமம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்று காலை வெறும் வயிற்றோடு, இடது புருவத்துக்கு மேல் பேனாவால் போட்ட அம்புக்குறியோடு படுத்திருக்கிறேன். தியேட்டர் நர்ஸ் அட்டைப்பெட்டியைப் படித்தார்: இடது. உள்ளே இருந்த சீல் வைத்த உறையைப் படித்தார்: வலது. இன்னொரு தடவை சத்தமாகப் படித்தார். எனக்கும் கேட்டது. அவர் அவசரக்காரராக இருந்திருந்தால் எனக்கு மயக்க மருந்து ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கும்.

மாற்றுத் தகடு வர ஐந்து நாள். ஆபரேஷன் நடந்தது 14-ஆம் நாள்.

இதைக் கேட்டு நான் எழுதியதற்கு, சாதாரண வலையைக் கையால் வளைத்தும் மருத்துவர் வைத்திருக்கலாமே என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தத் தகட்டை எதற்கு விற்கிறீர்கள்? கண்குழித் தளம் சமதரை இல்லை. முன்னால் சற்றுக் குழிந்து, பின்னால் போகப்போக மேடேறி, மூக்குப் பக்கம் சுவராக வளைகிறது. பலருடைய ஸ்கேனைப் பார்த்து அந்த வளைவை முன்கூட்டியே வடித்து, இடது வலது என்றும் சிறியது பெரியது என்றும் தருவதுதான் உங்கள் சரக்கின் பெருமையே. கையால் நன்றாக வளைக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெட்டி, வளைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி வெளியே எடுப்பதற்குள் நேரம் போகிறது. வெட்டிய முனை சதையில் மாட்டுகிறது. பின்மேடு சரியாக அமையாவிட்டால் குழி பெரிதாகிவிடும். மொத்தமே சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் இடத்தில் ஒரு மில்லி கூடினாலே கண் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கும் என்கிறார்கள். செருப்பை மாற்றிப் போட்டால்கூட நாலு எட்டு நடக்கலாம். இதை மாற்றி வைக்க முடியுமா?

சரி, அது முடிந்த கதை. முடியாதது ஒன்று இருக்கிறது. போன வாரம் முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனேன். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும், என்ன தகடு என்று தெரிய வேண்டும் என்று இம்பிளான்ட் அட்டையைக் கேட்டார்கள். கொடுத்தேன். அந்தத் தம்பி அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கீழிமையின் உட்புறமாகத்தான் வெட்டினார்கள், வெளியே தழும்பே இல்லை. “எந்தக் கண் சார்?” “இடது.” “அட்டையில் வலது என்று இருக்கிறதே, இரண்டிலும் வைத்திருக்கிறார்களா?”

திருப்பி அனுப்பிய தகட்டின் லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) என் அட்டையில் அச்சடித்திருக்கிறீர்கள். மாற்றுத் தகட்டுக்கு அட்டையே வரவில்லை. ஸ்கேன் அன்று நடக்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஒரு லாட்டில் கோளாறு என்று நீங்கள் அறிவித்தால் என்னைத் தேட மாட்டீர்கள். இல்லை, தேவையில்லாமல் தேடுவீர்கள்.

என் கண்ணில் உள்ள தகட்டின் லாட் எண்ணோடும் ‘இடது’ என்ற சொல்லோடும் புதிய அட்டை வேண்டும். பெட்டியும் உறையும் எந்த இடத்தில் மாறின, அதே நாள் கட்டிய மற்றப் பெட்டிகளைத் திறந்து பார்த்தீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். வலது கண் உடைந்த யாரோ ஒருவருக்கு என்னுடைய இடது தகடு போயிருக்கலாம் என்பது உங்களுக்குத் தோன்றவில்லையா?

அட்டையின் நகலும், இரண்டு ஸ்டிக்கர்களின் படமும், டிஸ்சார்ஜ் குறிப்பின் நகலும் இணைத்துள்ளேன். அசல் அட்டை என்னிடமே இருக்கிறது. சரியானது கைக்கு வந்த பிறகு திருப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்