பியானோ கிரேடு தேர்வுக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவன் நான். நீங்கள் போடும் கிரேடு புத்தகத்தை வைத்துத்தான் எங்கள் வகுப்பே நடக்கிறது. அதில் இருப்பதைப் பிள்ளைகள் வருஷம் முழுக்க வாசிக்கிறார்கள். அதில் இல்லாதவர்களைப் பலருக்குக் கடைசிவரை தெரியாது. அப்படி இல்லாமல் போன ஒருவருக்காகப் பரிந்து பேசத்தான் இந்த மடல். அவர் போர்ச்சுகீசிய இசையமைப்பாளர் ஃபெர்னான்டோ லோபெஷ்-கிராசா. நான் பாடம் எடுத்த எந்தக் கிரேடு புத்தகத்திலும் அவரை நான் பார்த்ததில்லை.

1906-இல் போர்ச்சுகலின் தொமார் ஊரில் பிறந்தவர். 14 வயதிலேயே உள்ளூர் தியேட்டரில் மௌனப் படங்களுக்குப் பியானோ வாசிக்கப் போய்விட்டார். அப்புறம் லிஸ்பன் கன்சர்வேட்டரியில், அதாவது அரசு இசைக் கல்லூரியில், பியானோ கலைஞர் வியானா ட மோத்தாவிடம் படித்தார்; மோத்தா, பியானோ மேதை லிஸ்ட்டிடம் நேரில் பாடம் கேட்டவர். 1931-இல் அதே கன்சர்வேட்டரியில் ஆசிரியர் வேலைக்கு நடந்த போட்டியில் லோபெஷ்-கிராசாதான் முதலிடம். வேலை கிடைக்கவில்லை. சர்வாதிகாரத்தை எதிர்த்தவர் என்று கைது செய்து, அல்பியார்சா என்ற சிற்றூருக்கு நாடு கடத்துவதுபோல அனுப்பிவிட்டார்கள். 1934-இல் பாரிஸில் படிக்க உதவித்தொகை வென்றார். அரசியல் காரணம் காட்டி அதையும் மறுத்தார்கள். 1936-இல் மறுபடி சிறை. அடுத்த வருஷம் சொந்தமாகவே பாரிஸ் போனார்.

திரும்பி வந்தவர் கவிஞர்களோடு சேர்ந்து எழுச்சிப் பாடல்கள் எழுதினார். 1946-இல் அந்தப் பாடல்களின் புத்தகத்தைப் போலீஸ் பறிமுதல் செய்தது. மேடையில் அவற்றைப் பாட வழியில்லாதபோது, அவருடைய பாடகர் குழு கிராமத்துப் பாடல்களை எடுத்துப் பாடியது. 1954-இல் அரசு அவருடைய தனியார் ஆசிரியர் உரிமத்தையும் பறித்தது. அரசுக் கல்லூரி ஏற்கெனவே கிடையாது, இப்போது தனியாகவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

நான் உங்களை நிறுத்திப் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். ஏனென்றால், 1953-இல் தொடங்கி 1963 வரை அவர் எழுதியது 'இளம் பியானோக்காரர் ஆல்பம்'. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர விடாத காலத்தில், அவர்கள் விரலுக்கென்றே எழுதிக்கொண்டிருந்தார்.

அதே காலத்தில் எழுதிய இன்னொரு பியானோத் தொகுப்பு முழுக்க நாட்டுப்புற மெட்டுகள். அதில் ஓர் உருப்படியின் தலைப்பே இதுதான்: சாவ் மிகேல் தாஷாவில் இடி மழையின்போது ஆண்களும் பெண்களும் துதிப்பாட்டுப் பாடுகிறார்கள். சாவ் மிகேல் தாஷா ஒரு போர்ச்சுகீசியக் கிராமம். இப்படித் தலைப்பு வைப்பவருக்குக் கிராமம் வெறும் அலங்காரம் இல்லை. பின்னாளில் நாட்டுப்புற இசை ஆய்வாளர் மிஷேல் ஜாகோமெத்தியோடு சேர்ந்து கிராமத்துப் பாடல்களைத் தொகுத்து, 1960 முதல் 1970 வரை ஐந்து இசைத்தட்டுகள் கொண்டுவந்தார். அவற்றின் உறை சாக்குத் துணி!

பிள்ளைகளுக்கு இது கரடுமுரடாகத் தெரியும் என்று நீங்கள் தயங்கலாம். உண்மைதான், சுருதிகள் உரசும், தாளம் சமமாகப் போகாது, இனிப்புத் தடவிய கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வராது. ஆனால் நாட்டுப்புற மெட்டுகளை வைத்து எழுதிய ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக்கை வருஷா வருஷம் வைக்கிறீர்களே! அவரை வாசித்த பிள்ளைக்கு இவர் அந்நியர் இல்லை. மூன்றாம் கிரேடு தாண்டிய ஒரு மாணவிக்கு ஆல்பத்திலிருந்து ஒன்றைக் கொடுத்தேன். இடது கை ஒரே ஐந்தாம் இடைவெளியை (ச-ப போன்ற சுர ஜோடியை) பிடித்துக்கொண்டே இருக்க, மேலே மெட்டு எதிர்பாராத இடத்தில் அழுத்தம் வாங்கியது. "தப்பா அச்சடிச்சிருக்காங்களா சார்?" என்றாள். ஒரு வாரம் கழித்து அதையே மனப்பாடமாக வாசித்தாள்.

அவர் 1994-இல்தான் காலமானார், அதனால் பதிப்புரிமைத் தொகை செலவு இருக்கும். அதைக் கொடுங்கள். அவருடைய சேகரம் லிஸ்பனுக்கு அருகிலுள்ள காஷ்காய்ஷ் நகராட்சியின் போர்ச்சுகீசிய இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, விசாரிப்பதில் சிரமம் இருக்காது.

அடுத்த பாடத்திட்டத்தில் நாலாம், ஐந்தாம் கிரேடுகளில் அவருக்குக் கிரேடுக்கு ஓர் உருப்படி ஒதுக்குங்கள். விருப்பப் பட்டியலின் மூலையில் போதாது, புத்தகத்துக்குள்ளேயே வேண்டும். பக்கத்தின் அடியில் நீங்கள் அச்சிடும் சிறுகுறிப்பில் அவருடைய உரிமத்தைப் பறித்த அந்த 1954-ஐயும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு பியானோ ஆசிரியர்