கார் பார்க்கில் 20 நிமிடம்

அன்புள்ள மாப்ளே,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். சரி, சம்பிரதாயம் முடிந்தது.

14 மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. காரணம் சொல்ல ஆரம்பித்தால் "ஆட்டோகிளேவ் மறுபடியும் விசில் அடிக்கிறது" என்பாய். லேபில் கருவிகளை நீராவியில் வேகவைக்கும் அந்தக் குக்கரின் பெயர்தானே எனக்குப் பட்டப்பெயர்! அடிக்கட்டும். இந்த விஷயத்தை நான் முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எட்டாவதோ ஒன்பதாவதோ ஆளாகத்தான் கேட்கப்போகிறாய். கடிதம் முடிவதற்குள் அதற்கும் திட்டு.

எங்கள் மருந்து தேறவில்லை. இரண்டாம் கட்ட ட்ரையலின் பாதியில் டேட்டாவைப் பிரித்துப் பார்த்த கண்காணிப்புக் குழு, மேற்கொண்டு தொடர்வதில் பயனில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. செய்தி வெளியாகி மூன்று வாரம் ஆகிறது. நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு, போனை எடுத்து, மறுபடி வைத்திருப்பாய். உன்னைத் தெரியாதா? மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் பத்து மருந்தில் சுமார் ஒன்பது கரை சேர்வதில்லை, அதிலும் இரண்டாம் கட்டத்தில்தான் அதிகம் மண்ணைக் கவ்வுகின்றன என்று எத்தனை முதலீட்டாளர்களுக்கு நானே திரையில் போட்டுக் காட்டியிருக்கிறேன்! அடுத்த படத்திலேயே அந்தப் பத்தாவது மருந்து எங்களுடையது என்றும் காட்டியிருக்கிறேன். வாத்தியார் பின்வரிசையில் இருந்திருந்தால் "கன்ட்ரோல் எங்கேடா, எதோடு ஒப்பிட்டாய்?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்திருப்பார்.

ஆனால் எழுத வந்தது மருந்தைப் பற்றி இல்லை. சிரிக்காமல் கேள். நான் ஒரு சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். முதலாளிகள் கூடி மனதைக் கொட்டும் கூட்டங்களுக்கு நீயும் நானும் "அழுமூஞ்சிச் சங்கம்" என்று பெயர் வைத்தோமே, அதே வகையறா. எட்டு சி.இ.ஓ.க்கள். மருந்து, நோயறியும் கருவி, மரபணு சிகிச்சை என்று எல்லாரும் நம் சாதி. மாதம் ஒரு நாள், நாலு மணி நேரம். போன்களை ஒரு கூடையில் போட்டு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம்.

நீ ஆதாரம் கேட்பாய் என்று படித்தும் வைத்திருக்கிறேன். 1727-இலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்பியாவில் 12 பேரைச் சேர்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலைகளில் இப்படி உட்கார்ந்திருக்கிறார். 1950-இல் ரே ஹிக்காக் என்பவர் தொடங்கியதுதான் இளம் கம்பெனித் தலைவர்களின் சங்கமான இன்றைய ஒய்.பி.ஓ. அப்பாவின் பெல்ட் கம்பெனி சின்ன வயதிலேயே அவர் தலையில் விழுந்திருந்தது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தன்னைப் போன்றவர்களைத் தேடிப் போனார். 1957-இல் மில்வாக்கியில் ராபர்ட் நோர்ஸ் சில முதலாளிகளை ஒரே மேஜையில் உட்கார வைத்தார். அது பின்னால் விஸ்டேஜ் என்ற சி.இ.ஓ.க்கள் அமைப்பு ஆயிற்று. எனக்கு இவர்களைவிட நெருக்கமாகப் பட்டவர் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர். 1950-களில் லண்டனில் பொது மருத்துவர்களைக் கூட்டி, உங்களைத் தூங்க விடாத நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். மருந்துச் சீட்டைப் பற்றி அங்கே பேச்சில்லை. அந்த நோயாளி மருத்துவருக்குள் என்ன கிளப்பிவிட்டார் என்பதுதான் பேச்சு.

நேராக இந்த அறைக்கு வந்து சேரவில்லை. முதலில் எல்லாத் தொழிலும் கலந்த ஒரு குழுவுக்குப் போனேன். நல்ல மனிதர்கள்தான். ட்ரையல் மூன்று வருடம் ஓடும் என்றேன். சாஃப்ட்வேர்க்காரர் ஒருவர், மிகுந்த கனிவோடு, "முதலில் கொஞ்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்து, சரிவராவிட்டால் அடுத்த வாரம் ஃபார்முலாவை மாற்றிவிடலாமே?" என்றார். எனக்கு விசில் வந்தது. அந்த டேட்டா சி.இ.ஓ.வான என் கண்ணுக்கே மூடியிருக்கும், எந்த நோயாளிக்கு மருந்து, எந்த நோயாளிக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று எனக்கே தெரியாது என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவனைப் பார்ப்பது போல. அவர் பார்த்ததில் தப்பில்லை. வங்கியில் இருக்கும் பணம் எந்த மாதம் தீரும் என்று தேதி தெரியும். பதில் எந்த மாதம் வரும் என்றும் தெரியும். நடுவில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. இதை இன்னொரு தொழில்காரருக்கு விளக்கி முடிப்பதற்குள் நம் முறை முடிந்துவிடும்.

அடுத்தது எங்கள் முதலீட்டாளர் ஒருவர் நடத்தியது. தான் பணம் போட்ட கம்பெனிகளின் சி.இ.ஓ.க்களை எல்லாம் அழைத்து, மனம் திறந்து பேசுங்கள் என்றார். மாமியார் தலைமையில் மருமகள்கள் குறைதீர்ப்புக் கூட்டம். அன்று அங்கே ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை.

இந்த மூன்றாவது அறையில் ஒரே ஒரு விதி என்னைப் பிடித்து வைத்தது. யாரும் யோசனை சொல்லக் கூடாது. "நீ இப்படிச் செய்" என்று ஆரம்பித்தாலே நடத்துகிற அம்மாள் கையைத் தூக்கிவிடுவார். உனக்கு நடந்திருந்தால் நடந்ததைச் சொல், இல்லாவிட்டால் சும்மா இரு. எனக்குச் சும்மா இருப்பது எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும். முதல் மூன்று மாதம் அந்தக் கை எனக்காகவே கீழே இறங்கவில்லை.

வக்கீல் வேறு பயமுறுத்தினார். அங்கே பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் அறையில் இருந்த எட்டுப் பேரையும் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றார். விலையைப் பற்றிப் பேசினால் போட்டிச் சட்டம். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனியின் வெளிவராத செய்தியைச் சொன்னால் வேறொரு சட்டம். அப்படியானால் பேச என்னதான் மிச்சம் என்று கேட்டேன். மிச்சம் இருந்ததுதான் விஷயம் என்று பிறகு புரிந்தது. மருந்தின் பெயர், எண்கள், யாருடன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் ஆள் மட்டும்தான் அங்கே உட்கார்ந்திருப்பான். ஒரு பெண்மணி, தன் ட்ரையலில் எதிர்பாராமல் ஒரு நோயாளி இறந்ததைப் பற்றிச் சொன்னார். மருந்தால் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் 7 நாளுக்குள் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் இல்லையா, அதை நாலே நாளில் செய்து முடித்துவிட்டாராம். "அஞ்சாவது நாள்தான் அழுதேன், குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டுப் பேர் பேசாமல் உட்கார்ந்திருந்து பார்த்திருக்கிறாயா, அதுவும் எல்லாரும் சி.இ.ஓ.?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கண்காணிப்புக் குழுவின் கடிதம் எனக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சங்கக் கூட்டம் வியாழக்கிழமை. எங்களோடு ஒப்பந்தம் போட்ட பெரிய கம்பெனி சந்தையில் இருப்பது, அவர்கள் அறிவிக்கும்வரை நான் மூச்சு விடக் கூடாது. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும், போனால் முகம் காட்டிக்கொடுக்கும். போனேன். என் முறை வந்ததும், "இந்த மாதம் என்னைத் தாண்டிப் போங்கள்" என்றேன். தாண்டிப் போனார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது, குழுவில் மூத்தவர் ஒருவர் கூடவே நடந்து வந்தார். மூன்று கம்பெனி பார்த்தவர். வண்டியருகில் வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்:

"காலையில் ஆபீசுக்குள் போவதற்கு முன் வண்டியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"20 நிமிடம்" என்றேன்.

"எனக்கு 40 வரை போனது" என்று சொல்லிவிட்டு அவர் வண்டிக்குப் போய்விட்டார்.

டேய், அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. குண்டன் வீட்டு விசேஷத்தில் நீ சாப்பாட்டுப் பந்திக்கே வராமல் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாயே. நான் கண்ணாடியைத் தட்டி, "என்னடா, லேபில் ஓடாத ஜெல் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு இறங்கி வந்தாய். அதற்கு அடுத்த மாதம் உன் கம்பெனியை மூடியதாகச் செய்தி. நான் என்ன எழுதினேன் தெரியுமா? பழைய மெயிலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "வருத்தமாக இருக்கிறது. நல்ல சயின்ஸ், கெட்ட நேரம். பேசுவோம்." அவ்வளவுதான். பேசவும் இல்லை. எனக்கு அப்போது பணம் திரட்டுகிற வேளை. தோற்றவன் பக்கத்தில் நின்றால் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குள் ஒரு மூலையில் பயம் இருந்திருக்கிறது. இதை அந்த அறையில் சொல்லிவிட்டேன், உன் பெயரைச் சொல்லாமல். உன்னிடம் சொல்ல இவ்வளவு நாள் ஆயிற்று.

ஆட்களை வேலையிலிருந்து அனுப்பியதைச் சொல்ல வேண்டும். 41 பேரில் 29 பேர். அதற்கு முன்னால் சங்கத்தில் ஒரு தனிக் கூட்டம் போட்டார்கள். அந்த மூத்தவர் தான் முதல் தடவை செய்ததைச் சொன்னார். மூன்று தவணையாக அனுப்பினாராம், மிச்சமிருந்தவர்கள் ஆறு மாதம் தூங்கவில்லையாம். அனுப்பியவர்களிடம், "உங்களைவிட எனக்குத்தான் கஷ்டம்" என்றும் சொன்னாராம். சொல்லும்போது இன்னமும் அவருக்குக் காது சிவந்தது. நான் ஒரே நாளில், நானே, ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சொன்னேன். என் கஷ்டத்தை வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடிந்ததற்கு, முந்தின வாரமே அந்தப் புலம்பலை வேறிடத்தில் கொட்டித் தீர்த்திருந்ததுதான் காரணம். ட்ரையலில் இருந்த நோயாளிகளுக்கு யார், எந்த வார்த்தையில் சொல்லப்போகிறார்கள் என்ற கேள்வியையும் அங்கேதான் ஒருவர் போட்டார். முதலீட்டாளருக்கான அறிக்கையை 11 முறை திருத்தியிருந்தேன். மருத்துவமனைகளுக்குப் போகும் கடிதத்தை ஒருமுறைகூட முழுதாகப் படித்திருக்கவில்லை. ஒரு நோயாளி, தனக்குக் குணம் தெரிகிறதே, மருந்தை நிறுத்தாதீர்கள் என்று மருத்துவரிடம் கெஞ்சினாராம். அவருக்குக் கிடைத்தது மருந்தா வெறும் மாத்திரையா என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

நீ கேட்கப்போவது காதில் விழுகிறது. உனக்கு எட்டுப் பேர், நாலு மணி நேரம், மூடிய கதவு. அந்த 29 பேருக்கு எந்தச் சங்கம்? பதில் இல்லை. பரிந்துரைக் கடிதம் எழுதினேன், நாலு இடத்தில் பேசினேன், ஒன்பது பேருக்கு வேலை ஆகியிருக்கிறது. அது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும்.

இன்னொரு கூத்தைக் கேள். எங்கள் சங்கத்தின் விதிப்படி, பதவியில் இருக்கிற சி.இ.ஓ.தான் உறுப்பினர். கம்பெனியை மூட வேண்டி வந்தால் என் நாற்காலியும் போய்விடும். நீச்சல் தெரிந்தவனுக்கு மட்டும் படகு! கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதியை எழுதியபோது யாருக்கும் தோன்றவில்லையாம். அடுத்த மாதம் விவாதிக்கப்போகிறோம். உண்மையில் அந்த எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூடக் கம்பெனியை மூடிய அனுபவம் கிடையாது. விற்றிருக்கிறார்கள், இணைத்திருக்கிறார்கள், விலக்கப்பட்டிருக்கிறார்கள். கடைசி ஃப்ரீசரை யாருக்குக் கொடுப்பது, மாதிரிகளை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், பெயர்ப்பலகையைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்பதா போய்விடுவதா, இதையெல்லாம் அங்கே கேட்டால் யோசனை சொல்லக் கூடாது என்ற விதியை மீறத் தேவையே இராது. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

உனக்குத் தெரியும். ஐந்து வருடமாகத் தெரியும், நான் கேட்கவில்லை.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். எடு. யோசனை எதுவும் வேண்டாம், அந்த வருடம் என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல். "எல்லாம் சௌக்கியம்" என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவேன்.

உன்,
ஆட்டோகிளேவ்