மாற்றுத்திறனாளிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றி அப்புறம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழா, தனித்துவ அடையாள அட்டை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

பேருந்து நிறுத்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். செயலாளர் மனு எழுதியே பொழுதைக் கழிக்கிறார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. 2024 ஆகஸ்டில் சென்னையில் மறுபடியும் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது இனிப்பு கொடுத்தோம். வண்டியில் குறையில்லை, நின்றதும் ஒரு பக்கம் தாழ்கிறது, சாய்தளப் பலகையும் இருக்கிறது. ஆனால் நம் நிறுத்தத்தை ஷேர் ஆட்டோக்கள் அடைத்துக்கொள்வதால் பேருந்து நடுரோட்டில்தான் நிற்கும். பலகை நடைபாதையில் படியாமல் தார்ச்சாலையில் போய் விழும்; ஏற்றம் செங்குத்து. பொருளாளரின் சக்கர நாற்காலி பாதி ஏறிப் பின்னால் உருண்டது. ஓடிவந்து பிடித்தது பூக்கார அம்மா.

பேருந்து ஒரு துறை, நடைபாதை இன்னொன்று, ஆட்டோவை நகர்த்துவது காவல்துறை, நம் குறையைக் கேட்பது நலத்துறை. ஏழு மனு கொடுத்தேன். ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்றே பதில் வந்தது. ஒரு மனு நான்கு மாதம் சுற்றிவிட்டு, கொடுத்த அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறுத்தம், வாகனம், சாலை மூன்றையும் 41ஆம் பிரிவிலேயே சேர்த்துச் சொல்கிறது. அலுவலகங்கள்தான் தனித்தனி. மார்ச்சில் நான்கு துறையினரையும் ஒரே நாளில் நிறுத்தத்துக்கு அழைத்தேன். மூன்று துறையினர் வந்தார்கள். நம் உறுப்பினர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் நான். அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு அழிந்துவிட்டது, வேலை தொடங்கவில்லை.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். விவரம் பொருளாளரிடம் உள்ளது. நகலுக்கும் ஆட்டோவுக்கும் என் கையிலிருந்து போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சந்தா மாதம் 20 ரூபாய். 64 பேரில் முழுதாகக் கட்டியவர்கள் 19 பேர். பயண அட்டை புதுப்பிக்கும் மாதத்தில் மட்டும் எல்லோருக்கும் சங்க முகவரி ஞாபகம் வருகிறது.

இடம் தந்த பள்ளிக்கும், தேநீர் தந்தவருக்கும், பூக்கார அம்மாவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் தொடர்வதாக இல்லை. என் சைடு வீல் ஸ்கூட்டரும் என்னைப் போலவே களைத்துவிட்டது. கோப்புகளை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எட்டாவது மனு மட்டும் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன், கையெழுத்து இடம் காலியாக இருக்கிறது. பேனா அங்கேயே உண்டு, சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்தில்தான்.