மான்குர்த் வரை கூட வந்தவர்களுக்கு

வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "இந்திய டீம்ல பேரு வந்தாச்சா?" என்று கேட்கிறீர்கள், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வரவில்லை. உலக வானியல் ஒலிம்பியாடுக்கு நம் நாட்டிலிருந்து போவது ஐந்தே பேர், அதில் நான் இல்லை. ஆனால் அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கிற மும்பை முகாம் வரை தமிழ் வழியில் படித்த ஒருத்தி போனாள் என்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான்.

இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்தும் முதல் கட்டத் தேர்வைப் பற்றி எங்கள் பிசிக்ஸ் ஸார் சொல்லித்தான் எனக்குத் தெரியும் (குமரி மாவட்டத்தில் எத்தனை பள்ளிகளில் இதைப் பிள்ளைகளிடம் சொல்லுகிறார்களோ!). நம்மூரில் அது மழைக்காலம், கரண்ட் போனாலும் விடமாட்டார், எமர்ஜென்சி லைட்டை வைத்துக்கொண்டு கேள்வியை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லித் தமிழில் விளக்குவார். கோளத்தின் மேல் வரைகிற முக்கோணம் மண்டையில் ஏறவே இல்லை என்று நான் முழித்தபோது ஒரு பம்ப்ளிமாஸை எடுத்துப் பேனாவால் மூன்று கோடு போட்டு, கோணங்களைக் கூட்டினால் 180-ஐத் தாண்டுவதைக் காட்டினார். அப்புறம் அதை உரித்துத் தின்றோம், புளிப்பு.

முட்டத்து மாமா, நீங்கள் படகை ஏற்றிவிட்டு வந்து, களைப்பைப் பார்க்காமல், "மக்களே, அந்தா குருசு நிக்கி பாரு" என்று கடலுக்கு மேலே கைகாட்டுவீர்களே, அந்தத் தென்சிலுவை விண்மீன் கூட்டம் நமக்கு உச்சத்தில் அடிவானத்திலிருந்து 22 டிகிரி உயரத்துக்கு வரும், மும்பையில் 11-தான். வானத்தைப் பார்த்து விண்மீன்களை அடையாளம் சொல்லும் தேர்வில் தெற்குப் பக்கம் எனக்குப் பயமே இல்லை. வடக்கில்தான் திணறினேன், நம்மூரில் துருவ நட்சத்திரம் 8 டிகிரியில் கிடக்கும், மலையும் மேகமும் விட்டால்தானே!

ரயிலில் அப்பாவுக்கும் எனக்கும் புளிசாதம் தந்த மார்த்தாண்டத்துக் குடும்பத்துக்கும், ஸ்டேஷனுக்கு வந்து ஹார்பர் லைனில் ஏற்றி மான்குர்த்தில் முகாம் நடக்கிற ஹோமி பாபா மையத்தின் வாசல்வரை கொண்டுவிட்ட செம்பூர் மாமாவுக்கும் நன்றி. முகாமில் பாதிப்பேர் கோச்சிங்கில் ஊறி வந்தவர்கள், ஆனாலும் என் ஓட்டை இந்தியைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை, தொலைநோக்கியைத் திருப்பி நிறுத்தத் தெரியாமல் நின்றபோது பக்கத்தில் வந்து சொல்லித்தந்தார்கள். அங்கே பாடம் எடுத்தவர்களோ, ராத்திரி சாப்பாட்டு மேசையில் கேட்டாலும் காகிதம் எடுத்து வரைந்து காட்டுவார்கள்.

கடைசியாக வடசேரி ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி. 2007-இல் தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்த முதல் ஒலிம்பியாடிலிருந்து பழைய கேள்வித்தாள்களை எடுத்துத் தந்துவிட்டு, பேப்பர் காசு மட்டும் வாங்கினார். ஒரு செட் அவர் கடையிலேயே வைத்திருக்கிறேன், வருகிற நவம்பரில் எழுதப்போகிறவர்கள் போய்க் கேளுங்கள், தருவார்.