இரவு ஷிப்ட் சிஸ்டருக்கு நன்றி

அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த காலையில், டியூட்டி முடிந்தும் கிளம்பாமல், அப்பாவுக்கு இன்சுலின் போட அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கு நன்றி.

கலங்கலான இன்சுலின் பாட்டிலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தினமும் இடம் மாற்றிக் குத்த வேண்டும் என்று கையைப் பிடித்தே பழக்கினார். "ஃப்ரீசர்ல மட்டும் வச்சிடாதீங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும்.

அப்பாவுக்கு வியர்த்து, கை நடுங்கினால் உடனே சுகர் டெஸ்ட். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கச் சொன்னார். போன வாரம் அப்படியே ஆனது: 58. அம்மா பதறவே இல்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 96 வந்த பிறகுதான் எனக்கு போன் செய்தார்.