லூப் ரோடு வழி இல்லாமல்

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. முழங்கால் வலி குறைந்து, ரேஸ்கோர்ஸில் மறுபடியும் இரண்டு சுற்று ஓடுகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவசரப்படாதே, மூன்றாவது சுற்று எங்கும் ஓடிப்போய்விடாது. பாப்பாவுக்கு வரன் அமைந்ததில் என் வீட்டுக்காரிக்கு அவ்வளவு சந்தோஷம். தையில் கல்யாணம் என்றால் இப்போதே டிக்கெட் போட்டுவிடுகிறோம்.

என் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஓடுகிறேன், ஆனால் நீ வந்திருந்தபோது சேர்ந்து ஓடினோமே, அந்தப் பாதையில் இல்லை. மந்தைவெளி, பட்டினப்பாக்கம், கடலை ஒட்டிப் போகும் லூப் ரோடு, கலங்கரை விளக்கம், உழைப்பாளர் சிலை, பிறகு அதே வழியாக வீடு. போக வர 12 கிலோமீட்டர். எந்த விளக்குக் கம்பத்தில் எத்தனை நிமிஷம் ஆகியிருக்க வேண்டும் என்று காலுக்கே தெரிந்த பாதை அது. இப்போது இந்தக் கோடியில் ஆர்.கே. மடம் சாலையில் மெட்ரோ வேலை, அந்தக் கோடியில் கலங்கரை விளக்கத்திலும் மெட்ரோ வேலை. பூந்தமல்லி வரை போகும் 26 கிலோமீட்டர் தடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2023 செப்டம்பரில் ‘ஃபிளமிங்கோ’ என்று பெயர் வைத்த சுரங்கம் தோண்டும் இயந்திரம் அங்கேதான் வேலையைத் தொடங்கியது. தகர அடைப்புக்கு நடுவே ஒரு மாதம் ஒரு சந்து இருக்கும், அடுத்த மாதம் போனால் அதுவும் அடைத்திருக்கும். மெட்ரோ வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், வந்தால் அம்மாவை வடபழனி கோயிலுக்குச் சிரமமில்லாமல் கூட்டிப் போகலாம். ஆனாலும் முதல் சில மாதம் வீட்டில் ஒருத்தர் இறந்துபோனதைப் போலத்தான் இருந்தது. நீயும் ஓடுகிறவன், இதைச் சொன்னால் சிரிக்க மாட்டாய்.

வேறு வழியெல்லாம் பார்த்தேன். கபாலி கோயில் மாட வீதிகளைச் சுற்றினேன், எட்டு சுற்றுக்கு மேல் தலை சுற்றியது. ஒரு இருட்டுக் காலையில் ஒரு தெருவில் நடைபாதைப் பலகை பெயர்ந்து கிடந்ததைப் பார்க்காமல் இடது கணுக்காலைப் பிசகிக்கொண்டு ஐந்து வாரம் வீட்டில் கிடந்தேன். அப்புறம் பெசன்ட் நகர் போகலாம் என்று கிளம்பினால், பட்டினப்பாக்கத்திலிருந்து பார்க்கும்போது அது இதோ எதிர்க்கரையில் இருக்கிறது. நடுவே அடையாறு முகத்துவாரமும் உடைந்த பாலமும். 1967-இல் கட்டி, 1977 வெள்ளத்தில் நடுவே அடித்துக்கொண்டு போன பாலம். யாரும் திரும்பக் கட்டவில்லை. திரு.வி.க. பாலம் வழியாகச் சுற்றிப் போனால் பஸ் புகையில் மூச்சு முட்டுகிறது.

கடைசியில் மணலில் இறங்கினேன். சீனிவாசபுரத்திலிருந்து நொச்சிக்குப்பம் வரை அலை ஓரமாக, ஈரமாய் இறுகிக் கிடக்கும் மணலில். வேகம் கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிஷம் குறைந்தது. கெண்டைக்கால் பத்து நாள் கல்லாய் இருந்தது. ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

லூப் ரோட்டில் ஓடிய காலத்தில் ஓரத்தில் வலை காய்வதையும் மீன் கூடைகளையும் நான் இடைஞ்சலாகத்தான் பார்த்தேன். 2023-இல் அந்தச் சாலையோர மீன் கடைகளை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தபோது, ‘நல்லது, ரோடு ரோடாக இருக்க வேண்டும்’ என்று உனக்கே எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருஷம் புது மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மணலில் ஓட ஆரம்பித்தபின் அந்த மீனவர்கள் இடத்தின் நடுவே போகிறேன். படகு கரையேறும்போது ஓடிக்கொண்டிருக்க முடியாது, நின்றாக வேண்டும். அப்படி நின்ற ஒரு காலையில் பெரியவர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். கிழிந்த இடத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலை ஊசியால் ஒவ்வொரு கண்ணாக முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு முடிச்சையும் ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. என் காலைப் பார்த்துவிட்டு, “ரோட்ட அடச்சுட்டாங்களா தம்பி?” என்றார். ஆமாம் என்றேன். “நீ ஓடுன ரோடு எங்க அப்பா வலை காயப்போட்ட மணலுப்பா” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். 1985-இல் கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்று கட்டுமரங்களை அப்புறப்படுத்தப் போய் அது துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனதே, அப்போது அவருக்கு இருபது வயதாம்.

மாப்ளே, எனக்கு அடைபட்டது காலையில் ஒரு மணி நேரம். வேலை முடிந்தால் திரும்பக் கிடைத்துவிடும். அவரோடு பேசிவிட்டு வந்த அன்று, அந்தப் பழைய கடிதத்தை எழுதியதற்காக வெட்கப்பட்டேன். உன்னிடம் அது இன்னும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

இப்போது வாரத்தில் நான்கு நாள் அந்தப் பக்கம்தான். வலை விரித்திருந்தால் சுற்றிப் போகிறேன். இரண்டு முறை படகு தள்ளக் கை கொடுத்தேன். தோள் வலித்தாலும் அன்றைக்கு ஓட்டம் நன்றாக இருந்தது. வீட்டுக்குச் சங்கரா மீன் வாங்குவதும் பெரியவரின் மருமகளிடம்தான். அவர் அங்காடிக்குள் கடை போட்டிருக்கிறார். வெயில் இல்லை, தண்ணீர் வசதி இருக்கிறது, ஆனால் காரை நிறுத்திவிட்டு இறங்கி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறார்.

மார்கழியில் பத்திரிகை வைக்க வருவாய் அல்லவா? ஷூவோடு வா. பழைய ஷூ போதும், உப்புத் தண்ணீரில் புதுசு வீணாகிவிடும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் படகுகள் திரும்பும் நேரத்துக்கு நொச்சிக்குப்பத்தில் இருக்கலாம். உன் முழங்காலுக்கு மணல் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்